சீல் வைத்த மாதிரி

அவனுக்கு வேலையே நிற்பதுதான். காலையில் கம்பெனிக்குப் போவான், சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவான், பனியனோடு ஒரு மரப்பலகை மேல் ஏறி நிற்பான். முன்னால் ஒரு தகடு, பின்னால் ஒரு தகடு செருகிய குண்டு துளைக்காத ஜாக்கெட்டை இரண்டு பேர் தூக்கி வந்து அவன் தலைவழியாக இறக்குவார்கள். மரத்தில் செய்த துப்பாக்கி ஒன்றைக் கையில் கொடுப்பார்கள். அவன் அதைத் தூக்கித் தோளில் பதித்து, கன்னத்தைச் சாய்த்து, எதிர்ச்சுவரில் ஒட்டியிருக்கும் கறுப்புப் புள்ளியைப் பார்ப்பான்.

"எப்படி இருக்கு?" என்று கேட்பார்கள்.

"சௌகரியமா இருக்கு" என்பான். இல்லாவிட்டால், "சௌகரியமா இல்ல" என்பான். அதற்கு மேல் அவனிடம் யாரும் எதுவும் எதிர்பார்க்கவில்லை.

அவன் அங்கே போனது என்னவோ டிரைவர் வேலை கேட்டுத்தான். அந்தச் சமயம் கம்பெனியில் டிசைன் அக்கா தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். பண வண்டிகளுக்கும் கருவூலங்களுக்கும் காவல் போகும் படைக்கு ஜாக்கெட் செய்யும் ஆர்டர் வந்திருந்தது. சராசரிக் காவலாளி இப்படித்தான் இருப்பான் என்று அந்தப் படையை நடத்தும் அரசுத் துறை ஓர் அளவும் கொடுத்திருந்தது. அந்த அளவுக்கு ஓர் ஆள் கிடைக்கவில்லை. மார்பு சரியாக இருந்தால் கழுத்து குட்டையாக இருந்தது. கழுத்து சரியாக இருந்தால் தொப்புள் இரண்டு விரல் கீழே இருந்தது. சராசரி ஆள் என்று ஒருவன் இந்த உலகத்தில் பிறக்கவே இல்லையோ என்று அவள் அழாத குறையாக வெளியே வந்தபோது, பெஞ்சில் இவன் உட்கார்ந்திருந்தான்.

"அண்ணே, கொஞ்சம் எழுந்திரிங்க."

எழுந்தான். அவள் டேப்பை எடுத்து மார்பைச் சுற்றினாள், தோளை அளந்தாள், தொண்டைக்குழியிலிருந்து தொப்புள் வரைக்கும் இழுத்துப் பார்த்தாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இவன் தனக்கு ஏதோ பெரிய வியாதி என்று பயந்து போனான்.

முதலாளி ஓடி வந்தார். "வண்டி ஓட்டத் தெரியுமா?"

"தெரியும் சார்."

"அது வேண்டாம். நிக்கத் தெரியுமா?"

இப்படித்தான் அவன் வேலைக்குச் சேர்ந்தான். அடுத்த வாரம் துறையிலிருந்து ஆய்வாளர் வந்தார். ஒல்லியான மனிதர். குரலை உயர்த்தியே பேச மாட்டார். பையில் ஈயக் குண்டுமணிகளும் நூலும் ஒரு குறடும் வைத்திருப்பார். துணி, பக்கிள், நாடா, தகடு என்று எதை எடுத்தாலும் அதில் ஒன்றை மாதிரியாக ஏற்றுக்கொண்டு, நூல் கட்டி, ஈயத்தை நசுக்கி சீல் வைப்பார். பிறகு கம்பெனி செய்யும் ஒவ்வொரு உருப்படியும் அந்த மாதிரிக்கு ஒத்துப்போக வேண்டும். எல்லாவற்றுக்கும் சீல் வைத்து முடித்த பிறகு அவர் இவனை ஏற இறங்கப் பார்த்தார். எங்கே கட்டுவது என்று யோசித்தார். கடைசியில் இடது மணிக்கட்டில் நூலைச் சுற்றி ஈயத்தை நசுக்கினார்.

"இனிமே நீங்கதான் மாதிரி உடல். இந்த சீல் அறுந்தா மாதிரி செல்லாது."

"செல்லாட்டி என்ன ஐயா செய்வீங்க?"

"விதிப்படி அழிச்சிடணும்."

இவன் சிரித்தான். ஆய்வாளர் சிரிக்கவில்லை. குறட்டைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அன்றிலிருந்து கம்பெனியில் எல்லோரும் அவனை 'மாதிரி அண்ணே' என்றுதான் கூப்பிட்டார்கள். முதலாளி அவனை வைரம் போலக் காத்தார். ஓடக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, விருந்துக்குப் போகக் கூடாது, பட்டினியும் கிடக்கக் கூடாது. "மாதிரி மாதிரியே இருக்கணும்" என்பார். இருமினால்கூட நெஞ்சு விரிந்துவிடுமோ என்று பக்கத்தில் வந்து பார்ப்பார்.

வீட்டில் அவன் மனைவிக்கு இதெல்லாம் ஒரே கேலி. குளிக்கும்போதுகூட அவன் இடது கையை வெளியே நீட்டிக்கொண்டே குளிப்பதைப் பார்த்து, "எனக்கு வாச்சது புருஷன் இல்ல, புருஷன் மாதிரி" என்பாள். ஜாக்கெட் கம்பெனி என்று கேள்விப்பட்டு எதிர்வீட்டுக்காரி ரவிக்கைத் துணியோடு வந்து நின்ற கதையை மட்டும் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அழிப்பதைப் பற்றி அவன் அவளிடம் மூச்சு விடவில்லை. சும்மா ஏன் பயமுறுத்த வேண்டும் என்று விட்டுவிட்டான்.

எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அவள் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிகிறவரைக்கும்.

டாக்டரம்மா, "கொஞ்சம் கொஞ்சமா, அடிக்கடி சாப்பிடுங்க" என்று சொல்லியனுப்பினார். அவளும் அதைத் தவறாமல் செய்தாள். கொஞ்சம் என்றால் உண்மையிலேயே கொஞ்சம். ஒரு முட்டையில் பாதி, ஒரு பழத்தில் கால்வாசி, ஒரு தட்டில் இரண்டு வாய். மிச்சத்தைத் தட்டோடு இவன் பக்கம் தள்ளிவிடுவாள்.

"இந்தாங்க, வீணாப் போயிடும்."

சாப்பாட்டை வீணாக்கி இவனுக்குப் பழக்கமில்லை. அவள் அடிக்கடி கொஞ்சம் சாப்பிட்டாள், இவன் அடிக்கடி நிறையச் சாப்பிட்டான். இரண்டு பேருக்கும் வயிறு சேர்ந்தே வளர்ந்தது. ஒரு கட்டத்தில் பேருந்தில் இவனுக்கும் ஒரு பெரியம்மா எழுந்து இடம் கொடுத்தார்.

கம்பெனியில் முதலில் கவனித்தது அக்காதான். ஜாக்கெட்டைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். முன் தகட்டின் மேல்விளிம்பு தொண்டைக்குழிக்கு நேராக நிற்க வேண்டும். அதன் மேல்மூலைகள் இரண்டையும் சாய்வாக வெட்டியிருப்பார்கள். எதற்கென்றால், காறை எலும்புக்குக் கீழே, தோளும் நெஞ்சும் சேருகிற இடத்தில் ஒரு குழி இருக்கிறது. துப்பாக்கியின் பின்கட்டை அங்கேதான் உட்கார வேண்டும். தகடு கொஞ்சம் தள்ளியிருந்தால் பின்கட்டை குழிக்குப் பதிலாகத் தகட்டின் விளிம்பில் ஏறிக்கொள்ளும். அப்புறம் வழுக்கும். இந்த ஒரு குழிக்காகத்தான் இத்தனை பேர் சம்பளம் வாங்கினார்கள்.

இப்போது இவனுக்கு அந்தக் குழி பாதி தூர்ந்து போயிருந்தது.

"அண்ணே, மூச்சை வெளிய விடுங்க" என்றாள் அக்கா.

"விட்டாச்சு."

"இன்னும் விடுங்க."

"இதுக்கு மேல விட்டா உயிர்தான் போகும்மா."

மெலியலாம் என்று மதிய வேளையில் கம்பெனியைச் சுற்றி ஓட ஆரம்பித்தான். முதல் சுற்றிலேயே முதலாளி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார். "டேய், பிடிங்கடா! மாதிரி ஓடுது!" என்று அவர் போட்ட கூச்சலில், கதவுக்காவலாளி நிஜமாகவே இவனைத் துரத்திப் பிடித்துக்கொண்டு வந்து பலகை மேல் நிறுத்தினான்.

ஆய்வு நாள் வந்தது. ஆய்வாளர் நாற்காலியில் உட்கார்ந்தார். ஜாக்கெட்டை இவனுக்கு மாட்ட இரண்டு பேர் போதவில்லை, மூன்றாவது ஆள் முதுகில் முட்டி கொடுக்க வேண்டியிருந்தது. துப்பாக்கியைத் தூக்கித் தோளில் வைத்தான். பின்கட்டை தகட்டின் விளிம்பில் ஏறி, நாடாவில் சறுக்கி, இவன் கன்னத்தில் ஒரு அறை விட்டது. "உட்காருங்க" என்றார் ஆய்வாளர். உட்கார்ந்தான். வயிறு தகட்டை மேலே தள்ள, தகடு தாடையை மேலே தள்ள, இவன் கூரையைப் பார்த்தபடி ஆமை போல இருந்தான்.

"எப்படி இருக்கு?"

"சௌகரியமா இல்ல" என்றான் கூரையிடம்.

முதலாளிக்கு முகம் வெளுத்துவிட்டது. ஆய்வாளர் எழுந்து வந்து இவனுடைய இடது கையைப் பிடித்தார். சீலைக் கண்ணாடி வைத்துப் பார்த்தார். நூல் மணிக்கட்டின் சதைக்குள் புதைந்திருந்ததே தவிர அறுந்திருக்கவில்லை.

"சீல் சரியா இருக்கு. அப்ப மாதிரியும் சரியாத்தான் இருக்கு. தகடுதான் தப்பு."

"ஐயா, தகட்டு மேல குத்தம் இல்லீங்க. நான்தான் குண்டாயிட்டேன்" என்றான் இவன். பொய் சொல்லி வேலையைக் காப்பாற்றிக்கொள்ளும் சாமர்த்தியம் அவனுக்குக் கிடையாது.

ஆய்வாளர் அவனைப் பொறுமையாகப் பார்த்தார். "அளவுகோல் ஒண்ணு வந்து 'நான் வளந்துட்டேன்'னு சொன்னா, நீங்க நம்புவீங்களா?"

"அது சொல்லாதுங்களே."

"நீங்களும் சொல்லக் கூடாது. மாதிரி மாறாது. மாறாம இருக்கத்தானே சீல் வைக்கறோம்?"

தகடு செய்யும் அச்சையெல்லாம் முதலாளி மாற்றினார். இவனுடைய புது மார்புக்கும் புது வயிற்றுக்கும் ஏற்ப, பானை போல வளைந்த பெரிய தகடுகள் தயாராயின. மறு ஆய்வில் பின்கட்டை சொகுசாகப் போய்க் குழியில் உட்கார்ந்தது. "சௌகரியமா இருக்கு" என்றான். ஆய்வாளருக்குத் திருப்தி. ஜாக்கெட்டுகள் லாரியில் ஏறிப் போயின.

கொஞ்ச நாளில் படையின் டிரில் வாத்தியார் ஒரு காவலாளியைக் கூட்டிக்கொண்டு கம்பெனிக்கே வந்துவிட்டார். வாத்தியாருக்குப் பேசத் தெரியாது, கத்தத்தான் தெரியும். "இது ஜாக்கெட்டா, தொட்டியாய்யா?" என்று வாசலிலேயே ஆரம்பித்தார். கூட வந்த காவலாளி வாழைத்தண்டு போல மெலிந்த இளைஞன். அவன் ஜாக்கெட்டைப் போட்டுத் துப்பாக்கியைத் தூக்கினான். தகட்டின் அகலத்தில் இரண்டு கையும் ஒன்று சேரவில்லை. எப்படியோ எக்கித் தோளில் வைத்தால், பின்கட்டை விளிம்பில் வழுக்கி அக்குளுக்குள் போய் ஒளிந்துகொண்டது. திரும்பச் சொன்னால் ஆள் திரும்பினான், ஜாக்கெட் திரும்பவில்லை.

அந்தப் பையன் கத்தவில்லை. இவனிடம் வந்து, கீழே சரிந்து தொங்கிய தகட்டுக்கு மேலே வெறுமையாய்க் கிடந்த நெஞ்சைத் தொட்டுக் காட்டினான்.

"அண்ணே, இங்க பட்டா?"

இவன் குனிந்து தன் பெரிய வயிற்றைப் பார்த்தான். தான் தின்ற பாதி முட்டையும் முக்கால் பழமும் யாரோ ஒரு பிள்ளையின் நெஞ்சைத் திறந்து போட்டுவிட்டதே என்று அன்றைக்கு முழுக்க அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நேராக ஆய்வாளரின் அலுவலகத்துக்கே போய், மறுபடியும் சொல்லிப் பார்த்தான். அவர் அமைதியாகக் கேட்டுக்கொண்டார். பிறகு ஒரு முடிவு எழுதி அனுப்பினார். மாதிரி சரி, மாதிரிக்கு ஒத்த ஜாக்கெட்டும் சரி. ஆகையால் ஒத்துப்போகாதது காவலாளிகளின் உடம்புதான். அவற்றை மாதிரிக்குக் கொண்டுவர ஆவன செய்யப்பட வேண்டும்.

ஆவன செய்தார்கள். படை முகாமின் சாப்பாட்டுக் கூடத்தில் எல்லாத் தட்டும் இரட்டிப்பாக நிரம்பியது. காலையில் ஓட்டம் நின்றது. அதற்குப் பதிலாகப் பாலும் ரொட்டியும் கொடுத்து மறுபடி படுக்கச் சொன்னார்கள். எந்த அளவுக்கு வர வேண்டும் என்று தெரிய வேண்டாமா? அதற்காக இவனைக் கூட்டிப் போய், ஜாக்கெட்டோடு கூடத்தின் நடுவில் ஒரு மேடை மேல் நிறுத்தினார்கள்.

"நல்லாப் பாத்துக்கங்கடா!" என்று கத்தினார் வாத்தியார். "இந்த அண்ணன் அளவுக்கு வர்ற வரைக்கும் எவனும் தட்டை விட்டு எழுந்திரிக்கக் கூடாது!"

வாத்தியாருக்கு இதில் துளியும் இஷ்டமில்லை. காலமெல்லாம் ஆட்களை இளைக்க வைத்தே பழகியவர். ஆனால் உத்தரவு என்றால் உத்தரவு. "மெல்லு! மெல்லு! விழுங்கு!" என்று தாளம் தப்பாமல் அதட்டுவார், குரல் மட்டும் அழுகிற குரலாக இருக்கும். காவலாளிகளோ குஷியாக இருந்தார்கள். வாழ்க்கையில் முதன்முறையாகச் சாப்பிட்டதற்காகப் பாராட்டு வாங்கினார்கள். வருகிற போகிற ஒவ்வொருவனும், "உங்க புண்ணியம்ணே" என்று இவன் வயிற்றைத் தொட்டுவிட்டுப் போனான். அந்த மெலிந்த பையனுக்குக்கூடக் கன்னத்தில் சதை வைத்துவிட்டது. ஜாக்கெட்டும் ஒவ்வொருவருக்காகப் பொருந்த ஆரம்பித்தது. பைத்தியக்காரத்தனமாக இருந்தாலும் காரியம் நடக்கிறதே என்று இவன் மனசு கொஞ்சம் ஆறியது.

அப்போதுதான் குழந்தை பிறந்தது. பெண் குழந்தை.

கையளவு உருவம், ஊரைக் கூட்டும் குரல். தொட்டிலில் போட்டால் அழும், அம்மா மடியில் அழும், பாட்டுப் பாடினால் இன்னும் அழும். அது அடங்கியது ஒரே இடத்தில்தான். இவன் தூக்கி வலது தோளில் சாய்த்ததும், அந்தச் சின்னத் தலை அப்படியே வழுக்கிக் காறை எலும்புக்குக் கீழே உள்ள குழியில் போய் உட்கார்ந்துகொண்டு, ஒரு பெருமூச்சு விட்டுக் கண்ணை மூடியது. அக்கா டேப்பும் கையுமாக எத்தனை நாள் தேடிய பொருத்தம்! எந்தப் பின்கட்டையும் அங்கே அவ்வளவு லட்சணமாக உட்கார்ந்ததில்லை. இவன் மூச்சைக்கூட அளந்து விட்டான்.

ஆனால் ஒரு நிபந்தனை, நடந்துகொண்டே இருக்க வேண்டும். நின்றால் விழித்துக்கொள்ளும். கம்பெனியில் நிற்பதற்கே பிறந்தவன் வீட்டில் நடையாய் நடந்தான். அறையிலிருந்து சமையற்கட்டு, சமையற்கட்டிலிருந்து வாசல், வாசலிலிருந்து மறுபடி அறை. உட்கார்ந்து சாப்பிட நேரமில்லை. அவன் மனைவிக்கோ இப்போது அசுரப் பசி. தட்டில் மிச்சம் என்று எதுவும் வருவதில்லை. தொப்பை வந்த வழியே போனது. கன்னம் ஒட்டியது. வலது தோள் மட்டும் எப்போதும் ஏந்திப் பிடித்த வாக்கில் கொஞ்சம் சாய்ந்தே நின்றுவிட்டது.

முகாமில் எல்லோரும் பெருத்து முடித்த வேளையில், இவன் முன்னை விடவும் மெலிந்து போயிருந்தான்.

அடுத்த தொகுதிக்கான ஆய்வுக்கு ஆய்வாளர் வந்தார். ஜாக்கெட்டுகளைப் பாராட்டலாம் என்று வாத்தியாரும் நான்கைந்து காவலாளிகளோடு வந்திருந்தார். அவர்கள் உள்ளே நுழைந்தபோது கதவே நிறைந்தது. இவன் பலகை மேல் ஏறினான். ஜாக்கெட்டை மேலே போட்டதும் உள்ளே ஆளைக் காணோம். கிணற்றுக்குள்ளிருந்து எட்டிப் பார்ப்பவன் போலத் தலை மட்டும் தெரிந்தது. துப்பாக்கியை எங்கே வைப்பது என்று தேடினான். தோள் ஓரிடத்தில் இருந்தது, ஜாக்கெட்டின் தோள் வேறிடத்தில் இருந்தது.

"எப்படி இருக்கு?"

இவன் திருதிருவென்று விழித்தான்.

ஆய்வாளர் எழுந்து சீலைப் பார்த்தார். நூல் இப்போது மணிக்கட்டில் வளையல் போல ஆடியது. ஆனால் முழுசாக இருந்தது. "மாதிரி சரி. தகடு ரொம்பப் பெரிசு. மாத்துங்க."

முதலாளி சுவரைப் பிடித்துக்கொண்டார். வாத்தியார் பேயறைந்தவர் போல நின்றுவிட்டு, பிறகு கத்தினார். "யோவ்! இப்பத்தான்யா ஊட்டி ஊட்டி ஏத்திவிட்டிருக்கேன்! மறுபடி இளைக்க வைக்கணுமா?"

"மாதிரிக்கு ஒத்துவரணும் இல்லையா" என்றார் ஆய்வாளர் மெதுவாக.

காவலாளிகள் முகத்தில் பீதி படர்ந்தது. ஒருவன் பையிலிருந்த ரொட்டியை அவசரமாக வாய்க்குள் திணித்துக்கொண்டான்.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு கத்தல் கேட்டது. இவன் மனைவி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேர்க்க விறுவிறுக்க உள்ளே வந்தாள். கதவுக்காவலாளி தடுத்தும் கேட்கவில்லை. "என்னங்க, இதை ஒரு அஞ்சு நிமிஷம் தோள்ல போடுங்க. வீட்டுக் கூரையே பறந்துடும் போல இருக்கு" என்றாள். பிறகுதான் ஜாக்கெட்டுக்குள் தலை மட்டுமாக நின்ற புருஷனைப் பார்த்தாள். "இது என்ன கோலம்?"

அக்கா ஓடிப்போய் ஜாக்கெட்டைக் கழற்றினாள். குழந்தை அவன் தோள்குழியில் விழுந்ததும் அழுகை நின்றது. அவன் பலகையைச் சுற்றி நடக்க ஆரம்பித்தான். நடந்துகொண்டே, அக்காவும் அவனுமாகச் சேர்ந்து நடந்த கதையைச் சொன்னார்கள். அவள் எல்லாவற்றையும் கேட்டாள்.

"இந்த நூல்தான் பிரச்சினைன்னா, இதை எப்பவோ அறுத்துப் போட்டிருக்கலாமே?"

அவன் குழந்தைக்குக் கேட்டுவிடாதபடி அவள் காதோரம் குனிந்து சொன்னான். "அறுந்தா என்னை அழிச்சிடுவாங்களாம்."

"என்னது?"

"விதியாம்."

அவள் ஆய்வாளர் பக்கம் திரும்பினாள். பிள்ளை பெற்ற உடம்பு, தூக்கமில்லாத கண், அவிழ்ந்த கூந்தல். ஆய்வாளர் தன்னையறியாமல் ஓரடி பின்வாங்கினார். மேசை மேல் நூல் வெட்டும் கத்தரிக்கோல் கிடந்தது. அதை எடுத்தாள், நடந்துகொண்டிருந்த புருஷனின் இடது கையைப் பிடித்து இழுத்தாள், ஒரே வெட்டு. ஈயக் குண்டுமணி டொக்கென்று தரையில் விழுந்து முதலாளியின் செருப்புக்கடியில் உருண்டது.

"அழிங்க" என்றாள். "எங்க, அழிங்க பாப்போம். நானும் பிள்ளையும் இங்கேயே நின்னு பாக்கறோம்."

ஆய்வாளர் உண்மையில் கொடுமைக்காரர் இல்லை. இத்தனை வருஷத்தில் அவர் அழித்ததெல்லாம் பக்கிளும் துணியும்தான். பையிலிருந்து விதிப்புத்தகத்தை எடுத்தார். புரட்டினார். நெற்றி வேர்வையைத் துடைத்தார். சட்டென்று முகம் மலர்ந்தது.

"இன்னொரு வழி இருக்கும்மா! செல்லாத மாதிரியை அழிக்கலாம், இல்லாட்டி கொடுத்தவங்ககிட்டயே திருப்பி ஒப்படைக்கலாம்." முதலாளியைப் பார்த்தார். "இவரை யார் கொடுத்தது?"

முதலாளி திணறினார். "யாரும் கொடுக்கல. தானா பெஞ்சுல உக்காந்திருந்தாரு."

"தினமும் காலையில சோறு கட்டிக் கொடுத்து அனுப்பறது நான்தான்" என்றாள் அவள். "நான் கொடுத்ததுதான் இது. திருப்பிக் கொடுங்க."

ஆய்வாளருக்கு உயிர் வந்தது. ஒரு தாளை நீட்டி, "நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டா போதும்" என்றார்.

அவள் பேனாவை வாங்கிக்கொண்டு புருஷனை ஒரு சுற்றுப் பார்த்தாள். "நல்ல நிலையா? தோள் ஒரு பக்கம் சாஞ்சிருக்கு, கன்னம் ஒட்டிப் போச்சு, சிரிக்க மறந்து போச்சு. இருக்கிற நிலையில் பெற்றுக்கொண்டேன்னு எழுதறேன். வேணும்னா வெச்சுக்கங்க."

அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டாள். வாத்தியார் கை தட்டினார். அவர் தட்டியதும் உத்தரவு என்று நினைத்துக் காவலாளிகளும் தட்டினார்கள். குழந்தை மட்டும் விழிக்கவே இல்லை.

மாதிரி போய்விட்டது, இனி எதை வைத்துச் சரிபார்ப்பது என்று ஆய்வாளர் கவலையில் விழுந்தார். "என் பசங்க இத்தனை பேர் இருக்காங்களே, அவங்க மேலேயே போட்டுப் பாருங்களேன்யா!" என்றார் வாத்தியார்.

"அத்தனை பேருக்கும் சீல் வைக்கணுமே. ஈயத்துக்கு எங்க போறது?"

அக்கா அவரை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று ஜாக்கெட் செய்து, அந்த ஜாக்கெட்டுகளுக்கு மட்டும் சீல் வைத்தால் போதும் என்று குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னாள். நாடாவைக் கழுத்துப் பக்கம் தள்ளித் தைக்கலாம், தோள்குழியில் பக்கிள் எதுவும் வராமல் பார்த்துக்கொள்ளலாம், இழுத்து ஒட்டுகிற பட்டை வைத்தால் உண்டவனும் போடலாம் உண்ணாதவனும் போடலாம் என்றாள். "ஜாக்கெட்டு இளைக்காது, குண்டாகாது, பிள்ளை பெறாது சார்." இந்தக் கடைசி வாதம் ஆய்வாளரை அசைத்துவிட்டது.

இவனுக்கு முதலாளி டிரைவர் வேலையே கொடுத்தார். வேறு வழியில்லை, இவன் மனைவி அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். முதல் நாள் வேனை எடுத்தவன் கம்பெனி வளாகத்தை வேண்டுமென்றே இரண்டு முறை சுற்றி வந்தான். ஜன்னலில் முதலாளி பல்லைக் கடித்தார்.

புது ஜாக்கெட்டுகள் தயாரானதும் அவன்தான் அவற்றை முகாமின் சுடும் மைதானத்துக்குக் கொண்டுபோனான். அக்காவும் ஆய்வாளரும் வேனில் வந்தார்கள். மறுபடி ஓட வைக்கப்பட்ட காவலாளிகள் பாதி இளைத்தும் பாதி இளைக்காமலும் வரிசையில் நின்று, அவரவருக்கு ஏற்றதைப் போட்டுக்கொண்டார்கள். துப்பாக்கிகள் எழுந்தன. பின்கட்டைகள் ஒவ்வொன்றாகக் குழியில் போய் அமர்ந்தன. "சௌகரியம்", "சௌகரியம்" என்று குரல் வந்துகொண்டே இருந்தது. கடைசியில் அந்த மெலிந்த பையன், இப்போது அவ்வளவு மெலிவு இல்லை, சின்னதைப் போட்டான், நடுத்தரத்தைப் போட்டான், பெரியதையும் போட்டான்.

"சௌகரியமா இல்லீங்க."

அக்கா பட்டையை இழுத்தாள், தளர்த்தினாள், தகட்டை ஏற்றினாள், இறக்கினாள். அவன் துப்பாக்கியைத் தோளில் வைத்துத் தடுமாறிக்கொண்டே இருந்தான். வாத்தியார் ஏதோ கத்தப் போனார். இவன் ஜாக்கெட் மூட்டையைக் கட்ட உதவி வேண்டி அந்தப் பையனைப் பார்த்து, "தம்பி, இந்தக் கயித்தை அறுத்துக் கொடு" என்று கத்தியை நீட்டினான். பையன் இடது கையால் வாங்கி, இடது கையால் அறுத்து, இடது கையாலேயே திருப்பிக் கொடுத்தான்.

எல்லோரும் அந்தக் கையையே பார்த்தார்கள்.

"துப்பாக்கியை அந்தப் பக்கம் வெச்சுப் பாருடா" என்றார் வாத்தியார். அவர் கத்தாமல் பேசி முகாமில் யாரும் கேட்டதில்லை.

பையன் தயங்கித் தயங்கி இடது தோளுக்கு மாற்றினான். சுட்டான். தூரத்தில் பலகையின் நடுவில் ஓட்டை விழுந்தது. அவன் முகத்தில் ஒரு சிரிப்பு மெல்லப் பரவியது. "ஐயோ, இது நல்லா இருக்கே!"

அக்கா தலையைப் பிடித்துக்கொண்டு புல்தரையில் உட்கார்ந்தாள். ஆய்வாளர் பையைத் திறந்து, ஈயமணிகளை எண்ணிப் பார்த்துக்கொண்டு, "அப்ப இடது கைக்குத் தனி மாதிரி வேணுமா?" என்று கவலையோடு கேட்டார். வாத்தியார் தன் ஆட்கள் பக்கம் திரும்பி, "வேற எவனாவது இருக்கீங்களாடா?" என்றார். வரிசையில் ஒன்று, இரண்டு, பிறகு ஏழெட்டு இடது கைகள் தயக்கத்தோடு மேலே எழுந்தன.

இவன் வேனின் பின்கதவைச் சாத்தினான். வீட்டில் குழந்தை விழித்துக்கொள்ளும் நேரம் ஆகிவிட்டது. அக்காவையும் ஆய்வாளரையும் கூப்பிட ஒலிப்பானை இரண்டு தரம் அடித்துவிட்டு வண்டியைக் கிளப்பினான்.